வீட்டு கேமராவுக்கு எவ்வளவு மெனக்கெடலாம்: நான்கு கேமரா மாட்டிய அனுபவம்

வீட்டில் கேமரா மாட்டும் வேலையை ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம், ஒரு வருஷமும் இழுக்கலாம். பெட்டியைப் பிரித்து, வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்து, ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டால் போனில் படம் வந்துவிடும். இன்னொரு பக்கம் தனி சர்வர், வண்டி நம்பரைப் படிக்கும் மென்பொருள், ஆளைத் துரத்திச் சுழலும் கேமரா என்று போய்க்கொண்டே இருக்கலாம். இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்று முடிவெடுக்கத்தான் எனக்கு நேரம் பிடித்தது. இப்போது வீட்டைச் சுற்றி நான்கு கேமராக்கள் ஒரு ரெக்கார்டரோடு கேபிள் வழியாக ஓடிக்கொண்டிருக்கின்றன. எந்த வேலைக்குக் கொடுத்த உழைப்பு பலன் தந்தது, எதை வேண்டாம் என்று தள்ளினேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

கேமராவைத் தொடுவதற்கு முன் கதவுகளைப் பார்த்தேன். கேமரா யாரையும் பிடித்து நிறுத்தாது; நடந்ததைக் காட்டும், அவ்வளவுதான். பின்கதவில் தாழ்ப்பாள் போய் உட்காரும் தகடு, மேல்மரத்தை மட்டும் பிடிக்கிற குட்டி ஸ்குரூவில் நின்றுகொண்டிருந்தது. அதைக் கழற்றி, நிலையைத் தாண்டிச் சுவர்வரை இறங்கும் நீள ஸ்குரூவாகப் போட்டேன். வெளிவிளக்கில் எரியாமல் கிடந்த பல்பை மாற்றினேன். அரை மணி நேர வேலை. அடுத்து வந்த எல்லா வேலைகளையும்விட வீட்டுக்கு அதிகப் பாதுகாப்பு தந்தது இதுதான் என்று நம்புகிறேன்.

படத்தை வைத்து எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும்?

"வீட்டைச் சுற்றி எல்லாம் தெரியணும்" என்று ஆரம்பித்தால் எட்டு கேமராவில் போய் நிற்கும், எதிலும் முகம் தெரியாது. அதனால் வீட்டின் வரைபடத்தைக் காகிதத்தில் கிறுக்கி, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கேள்வி எழுதினேன். வாசலில் நிற்பவர் யார்? கேட்டைத் திறந்தது யார்? நிறுத்திய வண்டியை யாராவது நெருங்கினார்களா? பின்கதவுப் பக்கம் ஆள் வந்தாரா? முதல் இரண்டுக்கும் முகம் வேண்டும். மூன்றாவதற்கு ஆள் என்று தெரிந்தால் பெரும்பாலும் போதும். பின்கதவுக்கும் அப்படித்தான்.

மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற நர்ஸ் நியூயார்க்கில் தன் வீட்டுக்குக் கேமரா அமைப்பு ஒன்றை வடிவமைத்து, 1966-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969-ல் அது கிடைத்தது. கதவில் வெவ்வேறு உயரத்தில் பார்வைத் துளைகள், அவற்றுக்கிடையே மேலும் கீழும் நகரும் கேமரா, படுக்கையறையில் திரை, வெளியே நிற்பவரோடு பேச மைக். வாசலில் நிற்பது யார் என்ற ஒரே கேள்வியைச் சுற்றித்தான் அத்தனையும். குட்டையானவர் வந்தாலும் நெட்டையானவர் வந்தாலும் முகம் தெரிய வேண்டும் என்பதற்காகவே துளைகள் பல. கேமரா எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை அவர் அன்றே யோசித்திருக்கிறார். இன்று கூரை விளிம்பில் கேமராவை ஏற்றிவிட்டு உச்சந்தலையைப் படம் பிடிக்கிற வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவுதான் வருகிறது.

கேள்வி தெரிந்துவிட்டால் மீதி கணக்குதான். கண்காணிப்பு கேமராக்களுக்கான ஐஇசி 62676-4 என்ற தரநிலை, காட்சியின் அகலத்தில் ஒரு மீட்டருக்கு எத்தனை பிக்சல் வேண்டும் என்று சொல்கிறது. ஏதோ ஆள் நடமாட்டம் என்று அறிய 25. உடை, நடை போன்ற விவரம் தெரிய 62 சொச்சம். தெரிந்த ஆளை இவர்தான் என்று சொல்ல 125. முன்பின் தெரியாத ஆளைச் சந்தேகமில்லாமல் அடையாளம் காட்ட 250.

4 மெகாபிக்சல் கேமராவின் படம் 2560 பிக்சல் அகலம். 2.8 மி.மீ. லென்ஸ் என்றால் சுமார் 100 டிகிரி பார்க்கும். என் வாசல் கேமராவிலிருந்து கேட் 9 மீட்டர். அந்தத் தூரத்தில் 100 டிகிரி என்பது 21 மீட்டருக்கும் மேலான அகலம். 2560-ஐ அதில் பங்கிட்டால் மீட்டருக்கு 120 பிக்சல்கூட வராது. கேட்டில் நிற்பது வீட்டு ஆள் என்றால் ஓரளவு சொல்லலாம், புது ஆள் என்றால் முகம் கிடைக்காது. அதே 4 மெகாபிக்சலில் 6 மி.மீ. லென்ஸ் போட்டால் கோணம் 50 டிகிரியை ஒட்டிச் சுருங்கும். காட்சியின் அகலம் 9 மீட்டருக்குள் அடங்கி, மீட்டருக்கு 290 பிக்சல்வரை கிடைக்கும். சென்சார் அளவைப் பொறுத்து இந்தக் கோணங்கள் சற்று முன்பின்னாகும், ஆனால் முடிவு மாறாது. கேமரா மாற்ற வேண்டியதில்லை, லென்ஸைச் சரியாகத் தேர்ந்தால் போதும். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் மெகாபிக்சலை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இந்தச் சின்ன மில்லிமீட்டர் எண்ணைத்தான்.

இப்படியாக வாசலுக்கு 4 மி.மீ., கேட்டுக்கு 6, வண்டி நிற்கும் இடத்துக்கும் பின்பக்கத்துக்கும் 2.8 என்று முடிவானது. நான்கும் ஆன்விஃப் முறையை ஏற்பவையாகப் பார்த்துத் தேர்ந்தேன். ஆக்ஸிஸ், பாஷ், சோனி மூன்றும் சேர்ந்து 2008-ல் தொடங்கிய பொது ஏற்பாடு அது. நாளைக்கு ரெக்கார்டர் பழுதானால் வேறு கம்பெனி ரெக்கார்டரை வைத்து இதே கேமராக்களை ஓட்டலாம்.

சுவரில் துளை போடும் முன்

முழு மெனக்கெடலும் போட வேண்டிய இடம் இதுதான் என்பேன். ஏணியின் மேல் கேமராவைக் கயிற்றால் கட்டி, நீளமான கேபிளை இழுத்து, பகலிலும் ராத்திரியிலும் படம் பதிவு செய்து பார்த்தேன். தம்பியைக் கேட்டிலிருந்து வாசல்வரை நடக்கச் சொன்னேன்: ஒருமுறை நிதானமாக, ஒருமுறை வேகமாக, ஒருமுறை தொப்பி போட்டுக்கொண்டு தலையைக் குனிந்து.

"அண்ணா, இது யாருன்னே தெரியலையே," என்றான் தன் படத்தைப் பார்த்துவிட்டு. உயரத்தில் கட்டிய கேமராவில் தொப்பியும் தோளும்தான் இருந்தன. கீழே இறக்கி 2.4 மீட்டருக்குக் கொண்டுவந்தபோது குனிந்த முகத்திலும் மூக்கும் வாயும் வந்தன. கை எட்டாத உயரம் என்ற பாதுகாப்பு கொஞ்சம் போகிறது, உண்மைதான். ஆனால் கேமராவைத் திருப்ப வருகிறவர் முதலில் அதன் பார்வைக்குள் வந்தாக வேண்டும். அந்த நேரத்து முகம் ரெக்கார்டரில் இருக்கும். அகலமாகப் பார்க்கிற மற்ற இரண்டையும் உயரத்திலேயே விட்டேன்.

ராத்திரிப் படத்தில்தான் விஷயமே இருக்கிறது. நிறுத்தி வைத்துப் பார்க்கும்போது அழகாக இருந்த காட்சியில், தம்பி நடந்ததும் முகம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடுதான் இருந்தது. காரணம் ஷட்டர் வேகம். வெளிச்சம் குறைந்தால் கேமரா தானாகவே ஷட்டரை நீட்டித் திறந்து வைக்கும். படம் வெளிச்சமாகும், அசைகிற எதுவும் கலைந்துபோகும். சாதாரண நடை நொடிக்கு 1.4 மீட்டர். ஷட்டர் 1/12 நொடி திறந்திருந்தால், குறுக்கே நடப்பவர் அதற்குள் கிட்டத்தட்ட 12 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். மனித முகத்தின் அகலமே 16 சென்டிமீட்டர்தான். மீட்டருக்கு 250 பிக்சல் கணக்கில் முகம் 40 பிக்சல் வந்தாலும், அதில் 29 பிக்சல் அளவுக்கு இழுபட்டால் என்ன மிஞ்சும்? அமைப்பில் ஷட்டரைத் தானியங்கியிலிருந்து எடுத்து, 1/50-க்குக் கீழே போகாதபடி பூட்டினேன். இழுபடுவது 7 பிக்சலாகக் குறைந்தது. படம் முழுக்க இருண்டது, கொஞ்சம் மணல் தூவினமாதிரி ஆனது, ஆனால் அந்த மணலுக்குள் முகம் இருந்தது. இருட்டில் பளிச்சென்ற படத்தைக் காட்டி விற்கிற விளம்பரங்களில் பெரும்பாலும் யாரும் நடப்பதில்லை என்பதைக் கவனித்துப் பாருங்கள்.

ஷட்டரைக் குறைத்தால் வெளிச்சம் வேண்டும். வாசல் விளக்கை ராத்திரி முழுக்க எரிகிற குறைந்த வாட் எல்இடியாக்கினேன். கேமராவுக்குள் இருக்கும் அகச்சிவப்பு விளக்கு உதவும்தான். ஆனால் தூரம் கூடக்கூட அதன் வெளிச்சம் தூரத்தின் இருமடிக்கு ஏற்பத் தேயும்; ஒரு மீட்டரில் நிற்கும் முகத்துக்குக் கிடைப்பதில் 16-ல் ஒரு பங்குதான் 4 மீட்டரில் நிற்பவருக்கு. அதனால் கேமராவுக்குப் பக்கத்தில் ஏதாவது வெள்ளையாக இருந்தால் அதன் மேல் வெளிச்சம் பட்டுத் திரும்பி, தூரத்தில் இருப்பதெல்லாம் கறுத்துவிடும். பின்பக்கக் கேமராவின் ராத்திரிப் படத்தில் மேல் மூலை முழுக்க வெள்ளையாக எரிந்தது. சன்ஷேடின் அடிப்பக்கம் அது. ஒரு சாண் தள்ளி, சன்ஷேடின் விளிம்பை ஒட்டி மாற்றிக் கட்டியதும் தோட்டச் சுவர்வரை தெரிய ஆரம்பித்தது. இடம் மாற்றிப் பார்ப்பது ஏணியில் கயிறு அவிழ்க்கும் வேலையாக இருக்கும்வரைதான் சுலபம். துளை போட்டு மாட்டிய பிறகு, "பரவாயில்லை, இருக்கட்டும்" என்று மனசு சொல்லிவிடும்.

சாயங்கால வெயிலையும் பார்த்துவிட வேண்டும். வாசல் கேமராவுக்கு எதிரே வானம் வெளுத்திருக்கும் நேரத்தில் உள்ளே வருகிறவர் முகம் இருட்டாகிவிடுகிறது. ஒரே படத்தில் வெளிச்சமான இடமும் இருட்டான இடமும் தெரியவைக்கும் டபிள்யூடிஆர் என்ற அமைப்பை இயக்கினால் ஓரளவு சரியாகும். வானம் அதிகம் வராதபடி கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்தது அதைவிட நன்றாக வேலை செய்தது.

கேபிள்

வைஃபை கேமராவுக்கும் கரண்ட் வயர் போய்த்தான் ஆக வேண்டும். எப்படியும் ஒரு வயர் இழுக்கிறோம் என்றால் அதை நெட்வொர்க் கேபிளாகவே இழுத்துவிடலாம் என்பது என் நினைப்பு. பிஓஇ முறையில் ஒரே கேபிளில் கரண்ட்டும் படமும் போகும். 2003-ல் வந்த முதல் தரநிலையே ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தருகிறது. கேபிளில் ஆகும் இழப்பு போக 12.95 வாட் கேமராவுக்கு உறுதி. அசையாமல் நிற்கும் கேமராக்கள் பெரும்பாலும் அதற்குள் அடங்கும். 100 மீட்டர்வரை இழுக்கலாம், வீட்டுக்கு அது தாராளம். அதோடு வைஃபையை யாராவது வேண்டுமென்றே குலைத்தாலும், ரவுட்டர் தூங்கினாலும், பதிவு நிற்காது.

பேட்டரி கேமராவை நான் குறை சொல்லவில்லை. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாதவர்களுக்கு அதுதான் வழி. ஆனால் அது பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருந்து, உடல் சூட்டை உணர்ந்து எழுந்து, பிறகு பதிவைத் தொடங்குகிறது. வேகமாக வந்து போகிறவரின் முதுகு மட்டும் கிடைப்பது அதனால்தான். வாடகை வீட்டில் இருந்தால், ஆள் குறுக்கே கடக்கும்படி வைத்து, நின்று காலிங் பெல் அழுத்தும் இடத்தைப் பார்க்கவிடுங்கள். அந்த நேரம் அதற்குப் போதும்.

கேபிளில் ஏமாறக் கூடாத இடம் ஒன்று உண்டு. வெளியே செம்பு முலாம், உள்ளே அலுமினியம் என்ற மலிவு ரகம் புழங்குகிறது. பார்க்க இரண்டும் ஒன்றுதான். கம்பியின் நுனியை பிளேடால் மெல்லச் சுரண்டினேன்: உள்ளேயும் சிவப்பாகவே இருந்தால் முழுச் செம்பு, வெள்ளி நிறம் எட்டிப் பார்த்தால் அலுமினியம். அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். பகலில் ஓடும் கேமரா, ராத்திரி அகச்சிவப்பு விளக்கு எரிந்து வாட் ஏறியதும் அணைந்து அணைந்து எழுந்தால், கேமராவைக் குற்றம் சொல்லும் முன் கேபிளைச் சுரண்டிப் பார்க்க வேண்டும்.

முனையில் கனெக்டர் அடிக்கும் வேலை பார்க்கத்தான் பயமாக இருக்கும். நான் பிடித்தது டி568பி வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இரண்டு முனையிலும் ஒரே வரிசை. முறுக்கை அவிழ்ப்பது விரல்நகம் அளவுக்கு மட்டும். எட்டுக் கம்பியும் கனெக்டரின் கண்ணாடி முனையில் முட்டி நிற்பதைப் பக்கவாட்டில் பார்த்துவிட்டு, வெளியுறையும் பிடிப்புக்குள் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் டூலை அழுத்தினேன். சுவர் ஏறும் முன்பே ஒவ்வொரு கேபிளையும் டெஸ்டரில் போட்டு எட்டு விளக்கும் வரிசையாக எரிகிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

வெளியில் வைக்கும் கேமராவை அழிப்பது பெரும்பாலும் மழைதான், அதுவும் கேமராவுக்குள் நேராகப் போகும் மழை இல்லை. ஐபி 67 என்று எழுதியிருக்கும் கேமராவின் உடம்பு நனையாது. அதன் வாலில் தொங்குகிற இணைப்பு நனையும். நீர் புகுந்த இணைப்பில் கரண்ட்டும் ஓடுவதால் முள் பச்சை பூத்து அரித்துவிடும். அதனால் துளையை வெளிப்பக்கம் சற்றே சரியும்படி போட்டேன், தண்ணீர் வீட்டுக்குள் ஓடிவராது. ஒவ்வொரு கேமராவுக்கும் பின்னால் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்து இணைப்பை அதற்குள் அடக்கினேன். கேபிள் பாக்ஸுக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விட்டேன். கேபிளில் வழியும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிப் போகும், மேலே ஏறாது. பாக்ஸின் மேல் விளிம்பிலும் இரண்டு பக்கமும் சிலிகான் பூசி, அடிப்பக்கத்தைத் திறந்துவிட்டேன். நான்கு பக்கமும் பூசினால் உள்ளே வியர்க்கும் ஈரம் வெளியேற வழி இருக்காது.

பதிவு

இதற்கும் கணக்கு உண்டு. ஒரு கேமரா 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு 4 மெகாபிட்) வேகத்தில் எழுதினால் மணிக்கு 1.8 ஜிபி, நாளைக்கு 43 ஜிபி. நான்கு கேமராவுக்கு 173 ஜிபி. 2 டிபி ஹார்ட் டிஸ்க் 11 நாள் சொச்சம் தாங்கும், பிறகு பழையதன் மேல் எழுதத் தொடங்கும். உங்களுக்கு எத்தனை நாள் வேண்டும் என்பதை, ஒரு பொருள் காணோம் என்பதை எத்தனை நாளில் கவனிப்பீர்கள் என்று கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். வெளியூர் போனால் இரண்டு வாரம் வரமாட்டோம் என்பதால் எனக்கு 20 நாளாவது வேண்டியிருந்தது. 4 டிபி போட்டேன். எச்.265 முறையில் சுருக்கினால் எச்.264-ஐவிட ஏறக்குறைய பாதி இடம் போதும், ஆனால் அந்தச் சேமிப்பைக் கேட் கேமராவின் தரத்தைக் கூட்டுவதற்குச் செலவழித்தேன். டிஸ்க், கண்காணிப்புக்கென்றே வருகிற ரகம். இரவு பகலாக எழுதிக்கொண்டே இருக்கும் வேலைக்கு அது உருவானது.

அசைவு இருந்தால் மட்டும் பதிவு செய்யும் முறையை நான் எடுக்கவில்லை. அசைவைக் கேமரா தவறவிட்ட நேரம்தான் நமக்கு வேண்டிய நேரமாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. எல்லாவற்றையும் எழுது, அசைவு இருந்த இடத்தில் குறி மட்டும் வை என்று அமைத்தேன்.

கடிகாரம் சின்ன விஷயமாகத் தெரியும். நான்கு கேமராவும் நான்கு நேரம் காட்டினால் ஒரு ஆள் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போனார் என்று கோர்க்கவே முடியாது. ரெக்கார்டர் இணையத்திலிருந்து நேரம் எடுக்கவும், கேமராக்கள் ரெக்கார்டரிடமிருந்து எடுக்கவும் வைத்தேன். இரண்டு நிமிஷ வேலை.

ரெக்கார்டரை டிவிக்குக் கீழே வைக்க வேண்டாம். வருகிறவர் அதையும் தூக்கிக்கொண்டு போகலாம். என்னுடையது பூட்டுள்ள அலமாரியில், காற்றுப் போக ஓட்டையோடு இருக்கிறது. வாசல், கேட் இரண்டிலும் ஆள் அசைவு வந்த துண்டுகள் மட்டும் வெளிச் சேமிப்புக்கும் ஒரு நகல் போகும். நான்கையும் முழுநேரம் அனுப்ப 16 எம்பிபிஎஸ் அப்லோடு வேண்டும், அதற்கு அவசியமே இல்லை. ரெக்கார்டர், பிஓஇ ஸ்விட்ச், ரவுட்டர் மூன்றும் ஒரே யுபிஎஸ்ஸில். எல்லாம் சேர்த்து 50 வாட்டுக்குப் பக்கம்தான் இழுக்கிறது.

நெட்வொர்க்கில் விடக்கூடாதது

2016-ல் மிராய் என்ற தீம்பொருள் உலகம் முழுக்க ஏராளமான கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் கைப்பற்றியது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கம்பெனி போட்டு அனுப்பிய பாஸ்வேர்டுகளின் பட்டியலை வைத்து ஒவ்வொரு கதவாகத் தட்டியது. அந்த அக்டோபரில், இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டைன் என்ற நிறுவனத்தின் மேல் அந்தப் படை பாய்ந்தபோது பல பெரிய இணையதளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. மாட்டியவர்கள் பெரும்பாலோருக்குத் தங்கள் கேமரா அதில் சேர்ந்திருந்ததே தெரிந்திருக்காது.

இதற்காக வீட்டில் நெட்வொர்க் படிப்பு படிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கேமராவுக்கும் புதுப் பாஸ்வேர்டு. கருவிகள் தாமாகவே வெளியே வழி திறந்துகொள்ள விடும் யுபிஎன்பி வசதி ரவுட்டரில் அணைப்பு. வெளியிலிருந்து நேராக உள்ளே வர போர்ட் திறந்துவிடும் வேலை கூடாது. வெளியூரிலிருந்து பார்க்க விபிஎன் என்ற பூட்டிய தனிவழியில் வருகிறேன், அதற்கான வயர்கார்டு என் ரவுட்டரிலேயே இருந்தது. கேமராக்கள் இணையத்துக்குப் போவதை ரவுட்டரில் தடுத்துவிட்டேன், அவை ரெக்கார்டரோடு மட்டும் பேசினால் போதும். ஒரு சாயங்காலத்தில் முடிந்தது. ஆனால் இதைச் செய்ய நேரம் இல்லை என்றால் கேமராவே மாட்ட வேண்டாம் என்று சொல்லுமளவுக்கு இது எனக்கு முக்கியம்.

போன் அலறுவதைக் குறைப்பது

மாட்டிய புதிதில் எல்லா அறிவிப்பையும் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்ததுதான். மரக்கிளை ஆடினால் அறிவிப்பு, கார் விளக்கு சுவரில் ஓடினால் அறிவிப்பு, மழை பெய்தால் விடிய விடிய அறிவிப்பு. கேமராவின் சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வரும். லென்ஸுக்கு முன்னால் ஒற்றை இழை காற்றில் ஆடினால் அகச்சிவப்பு வெளிச்சத்தில் அது கயிறு தடிமனுக்கு வெள்ளையாக மின்னும். அம்மா சொன்னார்: "இது சத்தம் போட்டா நான் எழுந்து பார்க்கணும்னு இருக்கணும்பா. இல்லேன்னா சத்தமே வேண்டாம்." இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

அதையே அளவாக வைத்துக்கொண்டு குறைத்தேன். பிக்சல் மாற்றத்தைப் பார்க்கும் பழைய முறையை அணைத்து, மனித உருவத்தை அடையாளம் காணும் முறைக்கு மாற்றினேன். இப்போது சாதாரணக் கேமராவிலேயே அது வருகிறது. கேட்டுக்கு உள்பக்கம் தரையில் ஒரு கட்டம் வரைந்து, கால் அதற்குள் வந்தால் மட்டும் கணக்கு என்று வைத்தேன். தெருவில் நடப்பவர் அதில் வரமாட்டார். ஒரு ஆள் ஒரு நொடிக்கு மேல் உள்ளே இருந்தால்தான் அறிவிப்பு. ராத்திரி 11 முதல் காலை 5 வரை மட்டும் சத்தம். மற்ற நேரம் குறி மட்டும் விழும். வண்டிக் கேமராவுக்கு அறிவிப்பே இல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு சில ராத்திரி விட்டுப் பார்த்து, தப்பாக வந்ததைத் திறந்து, ஏன் வந்தது என்று பார்த்து, அடுத்ததைத் திருத்தினேன். பொறுமை கேட்கிற வேலை. ஆனால் இதை முடிக்காத வீட்டில் ஆப்பின் அறிவிப்பை யாராவது ஒருவர் மொத்தமாக அணைத்துவிடுவார், பிறகு கேமரா இருந்தும் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

பக்கத்து வீடு

கேட் கேமராவில் பக்கத்து வீட்டு ஜன்னல் ஓரமாக விழுந்தது. அமைப்பில் அந்தப் பகுதியைக் கறுப்புக் கட்டத்தால் மறைத்துவிட்டு, அவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். "அண்ணே, உங்க பக்கம் ஏதாவது தெரியுதான்னு நீங்களே பாருங்க." பார்த்துவிட்டு, தன் மாடிப்படியும் கொஞ்சம் தெரிகிறது என்றார், அதையும் மறைத்தேன். 2014-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் ஒரு வழக்கில், வீட்டைக் காக்க வைத்த கேமரா என்றாலும் அது பொதுவழியையும் சேர்த்துத் தொடர்ந்து பதிந்தால், அது வெறும் வீட்டு உபயோகம் என்ற விலக்குக்குள் வராது என்று தீர்ப்பளித்தது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். சட்டம் எப்படி இருந்தாலும், தன் வீட்டு ஜன்னலை யாரோ இருபது நாள் சேமித்து வைக்கிறார்கள் என்பதை ஒருவர் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்? ஒலிப்பதிவையும் நான்கிலும் அணைத்துவிட்டேன். வீட்டுக்குள் கேமரா வைப்பதில்லை என்று எல்லோரும் சேர்ந்தே முடிவெடுத்தோம்.

தள்ளியது, மிச்சம் இருப்பது

தனி கம்ப்யூட்டரில் ஃபிரிகேட் போன்ற மென்பொருளை ஓட்டி, பூனையா நாயா காரா என்று பிரித்து அறியும் அமைப்பு ஒன்று இருக்கிறது. அருமையான வேலை, விருப்பம் இருப்பவர்கள் தாராளமாகச் செய்யலாம். நான் வெளியூரில் இருக்கும்போது அது நின்றுபோனால் வீட்டில் யாராலும் சரிசெய்ய முடியாது என்பதால் விட்டேன். சுழலும் கேமராவையும் விட்டேன். அது ஒரு பக்கம் திரும்பியிருக்கும்போது மறுபக்கம் பதிவே இருக்காது. வண்டி நம்பரைப் படிக்கத் தனிக் கோணம், தனி ஷட்டர் என்று தனிக் கேமராவே வேண்டும். என் நான்கு கேள்விகளில் அது இல்லை.

மாதம் ஒருமுறை நீளக் குச்சியில் மெல்லிய பிரஷ் கட்டிச் சிலந்தி வலையை எடுக்கிறோம், லென்ஸை ஈரத்துணியால் துடைக்கிறோம், பத்து நாளுக்கு முந்தைய பதிவு ஒன்றை ஓட்டிப் பார்க்கிறோம். டிஸ்க் பழுதானாலும் நேரலைப் படம் பிசகில்லாமல் வரும்; பழைய பதிவைத் திறந்தால்தான் அது தெரியும். கேமரா மென்பொருளுக்குப் புது வெளியீடு வந்திருந்தால் அன்றே போட்டுவிடுகிறேன்.

ஒத்திகையும் பார்த்தோம். நேற்று சாயங்காலம் 7 மணிக்கு வாசலில் வந்தவரின் துண்டை எடுத்துப் பென்டிரைவில் போடச் சொல்லி அம்மாவிடம் கேட்டேன், நான் பக்கத்தில் நிற்கவில்லை. மெனுவில் ஒரு இடத்தில் தடுக்கியது. அந்த வரிசையை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டினோம். அடுத்த தடவை தானாக எடுத்துவிட்டார்.

பக்கவாட்டுச் சந்துக்கு ஐந்தாவதாக ஒன்று வேண்டுமா என்று தம்பி கேட்டுக்கொண்டிருக்கிறான். அந்த வழியாக வருகிறவர் கேட் கேமராவையோ பின்பக்கக் கேமராவையோ கடந்தாக வேண்டும், அதனால் அங்கே ஆள் வந்தால் எரியும் சென்சார் விளக்கு மட்டும் போட்டிருக்கிறேன். மழைக்காலம் முடியும்வரை அது எப்போதெல்லாம் எரிகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று சொல்லியிருக்கிறேன். கேபிள் மட்டும் இப்போதே இழுத்து, முனையை ஜங்ஷன் பாக்ஸுக்குள் சுருட்டி வைத்தாயிற்று.